கம்ப்யூட்டர் கூட்டுத்தொகையை நாமும் சரிபார்க்கலாம்!



பல குழுக்களில் சேமிப்பும் கடனும் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. "மெஷின் போட்ட கணக்கு, தப்பா இருக்காது" என்று தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கம்ப்யூட்டர் சரியாகத்தான் கூட்டும். ஆனால் எந்தக் கட்டங்களைக் கூட்டணும் என்று சொல்வது மனுஷங்கதானே!

எக்செல் தாளில் மேலே ஏ, பி, சி. பக்கவாட்டில் 1, 2, 3. பி என்ற பத்தியில் 2-ஆவது வரிசைக் கட்டத்துக்குப் பெயர் பி2.

கழுகுமலையில் ஒரு குழுவில் 12 பேர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சேமிப்பு என்று வைத்துக்கொள்வோம். =சம்(பி2:பி13) என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் 1,200 வரும். அடுத்த மாதம் 13-ஆவது ஆள் சேர்கிறார். அவர் பணம் பி14-இல் ஏறுகிறது. சூத்திரத்தை மாற்றாமல் விட்டால் அப்போதும் 1,200தான் காட்டும். புதுசாச் சேர்ந்தவரின் 100 ரூபாய் கணக்கில் வராது!

இன்னொன்று: கட்டத்தில் எண்ணை மட்டும் அடிக்கணும். "100 ரூபாய்" என்று அடித்தால் அதை எழுத்து என்று நினைத்து, கூட்டாமல் விட்டுவிடும்.

சிலதை மட்டும் கூட்டுவது எப்படி?

நிறம் போன வத்தலை ஒதுக்கி, நல்லதை மட்டும் எடை போடுகிறோமே, அது மாதிரிதான். மூன்று பேருக்குக் கடன் பாக்கி 4,000, 2,500, 3,000. முதலாமவரும் மூன்றாமவரும் தவணை தவறியவர்கள். பக்கத்துப் பத்தியில் தவறியவருக்கு 1, மற்றவருக்கு 0 போடுங்கள். இரண்டையும் பெருக்கினால் 4,000, 0, 3,000. கூட்டினால் 7,000. தவணை தவறியவர்களின் பாக்கி இதுதான். எக்செல்லில் 'சம்புராடக்ட்' என்ற சூத்திரம் இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே தடவையில் செய்துவிடும். கென்னத் ஐவர்சன் 1962-இல் தன் புத்தகத்தில் விளக்கிய ஏ.பி.எல். என்ற கம்ப்யூட்டர் மொழியிலும் இப்படி 1, 0 வைத்து வேண்டியதைப் பிரித்தெடுக்கலாம்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை:

1. கடைசி உறுப்பினரின் வரிசை வரை கூட்டியிருக்கிறதா?
2. ஆள் எண்ணிக்கையைச் சேமிப்பால் பெருக்கினால் அதே தொகை வருகிறதா?
3. 1 போட்டவர், 0 போட்டவர் இரண்டு தொகையும் சேர்ந்தால் மொத்தக் கடன் பாக்கி வருகிறதா? (7,000 + 2,500 = 9,500)

மூன்றும் சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க. நம்ம காசு, நாமதான் பார்க்கணும்!