விரல் வைப்பது முகவரிடம், கணக்கு இருப்பது வங்கியில்

கல்வராயன் மலையில் கரியாலூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையூர்க்காரருக்கு, வங்கிக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மகளிர் உரிமைத் தொகையோ நூறு நாள் வேலைக் கூலியோ கணக்கில் ஏறியதும், பக்கத்தில் யாரிடம் கைரேகை மெஷின் இருக்கிறதோ அவரிடம் விரலை வைத்து எடுத்துக்கொள்வதுதான் வசதி. அவரைப் ‘பேங்க்காரர்’ என்றே சொல்கிறோம். ஆனால் அவர் வங்கி ஊழியர் அல்ல, கமிஷனுக்கு வேலை செய்யும் முகவர். இப்படி முகவர் வைப்பதற்கு 2006 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வழி திறந்தது. 2010இல் லாப நோக்குள்ள கம்பெனிகளும் உள்ளே வந்தன. வங்கி ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் விடுகிறது, அந்தக் கம்பெனி ஊரில் முகவரை வைக்கிறது, மெஷினில் ஓடும் மென்பொருள் இன்னொரு கம்பெனியுடையதாக இருக்கலாம். பணம் காணாமல் போனால் இவர்களில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வாடிக்கையாளர் அலைய வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் விட்டது வேலையை மட்டும்தான், பொறுப்பை அல்ல. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

மோசடி பெரும்பாலும் எளிமையானது. “ஃபெயில் ஆயிடுச்சு, இன்னொரு தடவை வைங்க” என்பார் முகவர். மரவள்ளிக் காட்டில் தேய்ந்த விரல் பதியாமல் போவது சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு முறையும் பணம் கழிந்திருக்கும், கைக்கு வந்தது ஒரு முறைதான். அதனால் ஃபெயில் ஆனாலும் ரசீது கேட்க வேண்டும். மெஷின் கோளாறால் கணக்கில் கழிந்து கைக்கு வராத பணம் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு. தன் வங்கியின் சேவைக்காக முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் விதி. ‘டீ காசு’ என்று பிடிக்கும் பத்து, இருபதுக்கு ஏன் ரசீதில் இடமில்லை என்பது இப்போது புரியும்.

“அவரும் நம்ம ஊர்ப் பையன், புகார் கொடுத்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், பிறகு யாரிடம் போவது?” என்ற தயக்கம் நியாயமானதே. 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை இது. கேள்வி கேட்டால் இருப்பதும் போகும் என்ற பயம் இங்கே புதிதல்ல. ஆனால் புகார் எழுதுவது பையன் மீது அல்ல, கணக்கு வைத்திருக்கும் வங்கியின் மீது. மெஷின் வேறு வங்கியுடையதாக இருந்தாலும் முதலில் போக வேண்டியது தன் வங்கிக்குத்தான். “நீங்களாகத்தானே விரல் வைத்தீர்கள்?” என்று அங்கே மடக்குவார்கள். ஆனால் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவே சொல்லிவிட்டது. வெளியாள் புகுந்து செய்த மோசடியானால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. கைபேசியில் எஸ்எம்எஸ் வராத வீடுகளில் பாஸ்புக்கை மாதம் ஒருமுறையாவது பதியாவிட்டால் கழிந்ததே தெரியாது. சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் சொல்வதோடு வங்கியில் எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

சேவையை வெளியே விடுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. சிறிய வங்கி சொந்தமாகக் கணினி மையம் நடத்த முடியாது. ஆனால் 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரே தொழில்நுட்பக் கம்பெனி ரான்சம்வேர் தாக்குதலில் சிக்கியதும், நாடு முழுக்க ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைபட்டது. வாடிக்கையாளர் தானே செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்பும் ஒன்று உண்டு: கைரேகையைப் பூட்டி வைக்க ஆதார் அமைப்பு வசதி தருகிறது. ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் வேலை செய்யாது, திறக்க ஆதாரோடு இணைத்த கைபேசி வேண்டும். டவர் கிடைக்காத மலையூரில் அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.