திங்கட்கிழமை ராத்திரி குஸ்தி! 2 டி.வி. கம்பெனிகள் 6 வருடம் கட்டிப் புரண்ட கதை. தம்பியைப் பறிகொடுத்த மல்லர்

பெருமாள்மலை:-

வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் சேருகிற இடம் பெருமாள்மலை. கொடைக்கானலுக்கு ஏறுகிற பஸ்சும், கேரட், பூண்டு ஏற்றி இறங்குகிற லாரியும் இங்கே ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் போகும். பனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற ஆள் தெரியாது. டீக்கடை டி.வி. வெளிச்சம் மட்டும் தெரியும்.

1990-களில் கேபிள் ஒயர் மரத்துக்கு மரம் தாவி மலை ஏறியது. கூடவே ஒரு புதுச் சண்டையும் ஏறி வந்தது. இளவட்டங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அரசியல் கட்சி அல்ல. ரஜினி, கமல் கட்சியும் அல்ல.

"அண்டர்டேக்கர் செத்துப் பிழைச்சு வந்த ஆளுடா!"

"போடா, கோல்ட்பர்க் முன்னாலே உங்க ஆள் 2 நிமிஷம் நிப்பாரா?"

இப்படி வாய்ச்சண்டை நடக்காத டீக்கடை மலையிலும் இல்லை, கீழே சமவெளியிலும் இல்லை. ஆனால் சண்டை போட்ட பையன்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. அண்டர்டேக்கர் ஒரு கம்பெனி ஆள். கோல்ட்பர்க் இன்னொரு கம்பெனி ஆள். இரண்டு பேரும் ஒரே மேடை ஏற அப்போது வழியே கிடையாது. ஏனென்றால் அந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று ஒழித்துக்கட்டத் துடித்துக்கொண்டிருந்தன.

அதன் விவரம் வருமாறு:-

முதலில் கிங்காங்

மேடைக் குஸ்தி தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. தாராசிங், கிங்காங் என்றால் இன்றைக்கும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கிங்காங் ஹங்கேரி நாட்டுக்காரர். நிஜப்பெயர் எமில் சாஜா. எடை சுமார் 200 கிலோ! 1956-ல் ராஞ்சியில் நடந்த சண்டையில் தாராசிங் அவரைத் தூக்கிச் சுழற்றி வீசியது நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. தாராசிங் 2012-ல் காலமானார்.

அது டிக்கெட் வாங்கிப் பார்த்த குஸ்தி. பார்த்தவன் வீட்டுக்கு வந்து சொன்னால்தான் மற்றவனுக்குத் தெரியும். டெலிவிஷன் வந்த பிறகு கதை வேறு. நுழைவுச் சீட்டை விட விளம்பரக் காசு பெரிதாகிவிட்டது. எத்தனை வீட்டில் பெட்டி ஓடுகிறது என்ற கணக்குத்தான் முதலாளிக்கு முக்கியம்.

இரண்டு முதலாளிகள்

ஒரு முதலாளி வின்ஸ் மக்மான். 1982-ல் தகப்பனாரிடம் இருந்து குஸ்திக் கம்பெனியை விலைக்கு வாங்கினார். அதுதான் டபிள்யூ.டபிள்யூ.எப். அதுவரை அமெரிக்காவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு குஸ்திக்காரர் இருந்தார். ஒருவர் எல்லையில் இன்னொருவர் கால் வைப்பது இல்லை. மக்மான் அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கவில்லை. மற்றவர்களின் பயில்வான்களை இழுத்தார். டி.வி. நேரத்தையும் பிடித்தார். 1993 ஜனவரியில் திங்கட்கிழமை ராத்திரி தோறும் 'ரா' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

இன்னொரு முதலாளி டெட் டர்னர். சி.என்.என். செய்தி சேனலைத் தொடங்கியவர். 1988-ல் இவர் வாங்கிய குஸ்திக் கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூ. சேனலும் அவருடையது, குஸ்தியும் அவருடையது. நம் ஊரில் கார்ட்டூன் நெட்வொர்க் ராத்திரியில் முடிந்ததும் அதே சேனலில் டி.என்.டி. ஓடுமே, அதுவும் அவர் கடைச் சரக்குத்தான். குழந்தைகள் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அண்ணன்மார் வந்து குஸ்திக்கு உட்காருவார்கள்.

1995 செப்டம்பர் 4-ந் தேதி டர்னர் கம்பெனி 'நைட்ரோ' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அதுவும் திங்கட்கிழமை ராத்திரி. மக்மான் கடைக்கு நேர் எதிரே கடை போட்டது போல!

பட்டம் குப்பைத் தொட்டியில்

முதல் நாளே அதிர்ச்சி. லெக்ஸ் லூகர் என்ற மல்லர் நைட்ரோ மேடைக்கு நடந்து வந்தார். அவர் முந்தின நாள் வரை மக்மான் கம்பெனிக்கு ஆடியவர்! சொல்லாமல் கொள்ளாமல் தாவிவிட்டார்.

3 மாதம் கழித்து அதை விடப் பெரிய அவமானம். மக்மான் கம்பெனியின் பெண்கள் பிரிவு சாம்பியன் மடூசா, கையில் பட்டத்தோடு எதிர்க் கம்பெனி மேடை ஏறினார். நேரடி ஒளிபரப்பிலேயே அந்தப் பட்டத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அப்போது 'ரா' நிகழ்ச்சி பாதி நாள் முன்கூட்டியே படம் பிடிக்கப்பட்டது. 'நைட்ரோ' நேரடி. நைட்ரோவை நடத்திய எரிக் பிஷாப் என்ன செய்தார் தெரியுமா? இன்றைக்கு எதிர்ச் சேனலில் யார் ஜெயிக்கப் போகிறார் என்பதைத் தன் சேனலிலேயே போட்டு உடைத்தார். சினிமாக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு "கொலைகாரன் இவன்தான்" என்று சொல்கிற வேலை.

1996 ஜூலை 7-ந் தேதி ஹல்க் ஹோகன் வில்லனாக மாறினார். பல வருடம் குழந்தைகளுக்கு நல்ல புத்தி சொன்ன கதாநாயகன், நண்பன் கழுத்திலேயே காலை வைத்தார். கூட்டம் கையில் கிடைத்ததை எல்லாம் மேடை மேல் வீசியது. எம்.ஜி.ஆர். திடீர் என்று நம்பியார் ஆகிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி! பார்வையாளர் கணக்கில் நைட்ரோ தொடர்ந்து 83 வாரம் ஜெயித்தது.

நாடகமா, நிஜமா?

இந்த இடத்தில் டீக்கடைத் தாத்தா ஒரு கேள்வி கேட்பார். "எல்லாம் செட்டப்பு தானே தம்பி?"

ஆமாம். 1989-லேயே நியூஜெர்சி மாநில சட்டசபையில் மக்மான் கம்பெனி தரப்பே இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டது. மனசாட்சி உறுத்தியதால் அல்ல. விளையாட்டு என்றால் அரசாங்க கமிஷன் கண்காணிக்கும், வரியும் உண்டு. நாடகம் என்றால் அந்தச் செலவு மிச்சம்!

முடிவு முன்னாலேயே தெரியும். விழுவது மட்டும் நிஜம். மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம். மேலே பலகை. அதற்கு மேல் மெல்லிய மெத்தையும் துணியும். அவ்வளவுதான். வாரத்துக்கு நாலு நாள் அதில் முதுகு பட விழுகிறவன் முதுகுக்குக் கதை, வசனம் எதுவும் தெரியாது.

இவ்வளவுக்கும் அவர்கள் கம்பெனி சிப்பந்திகள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். கம்பெனி செலவில் ஆஸ்பத்திரி இன்சூரன்சு என்பது அவர்கள் பார்க்காத சங்கதி.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்

கனடா நாட்டுக்காரர் பிரெட் ஹார்ட். அவர் தம்பி ஓவன் ஹார்ட். குஸ்திக் குடும்பம். இரண்டு பேருமே மக்மான் கம்பெனியில் இருந்தார்கள்.

1997-ல் அண்ணன் எதிர்க் கம்பெனிக்குப் போக முடிவு செய்தார். சாம்பியன் பட்டம் அவர் கையில் இருந்தது. பட்டத்தோடு போய்விட்டால்? குப்பைத் தொட்டி ஞாபகம் மக்மானை உறுத்தியது. நவம்பர் 9-ந் தேதி மான்ட்ரியால் நகரில் சண்டை. பிரெட் தோற்கமாட்டார் என்று பேசி வைத்திருந்தார்கள். பாதிச் சண்டையில் மக்மானே மேடை ஓரம் வந்து நின்று மணியை அடிக்கச் சொன்னார். சொந்த ஜனங்கள் முன்னால் பிரெட் தோற்றதாக அறிவிப்பு! பிரெட் முதலாளி முகத்தில் துப்பினார். பிறகு உடை மாற்றும் அறையில் ஓங்கி ஒரு குத்தும் விட்டார். அந்தக் குத்து செட்டப்பு அல்ல.

அண்ணன் போய்விட்டார். தம்பி அங்கேயே தங்கினார்.

இதற்குள் மக்மான் விழித்துக்கொண்டார். தன்னையே கொடுமைக்கார முதலாளி வேடத்தில் மேடை ஏற்றிக்கொண்டார். அவரை அடித்து உதைக்கும் தொழிலாளியாக ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். முதலாளியை அடிக்கிற கதைக்கு எந்த ஊரிலும் கூட்டம் வரும். 1998 ஏப்ரல் 13-ந் தேதி 'ரா' மீண்டும் முந்தியது. அதன் பிறகு வாரா வாரம் புதுசு புதுசாக ஏதாவது காட்டியாக வேண்டிய கட்டாயம். நாற்காலி அடி, மேஜை உடைப்பு, ஏணியில் இருந்து குதிப்பு என்று உயரம் ஏறிக்கொண்டே போனது.

கூரையில் இருந்து...

1999 மே 23. கான்சாஸ் சிட்டி நகர அரங்கம். ஓவன் ஹார்ட் கூரையில் இருந்து கம்பியில் தொங்கியபடி மேடைக்கு இறங்குவதாக ஏற்பாடு. கீழே வந்ததும் சட்டென்று கழன்றுகொள்ளும் கொக்கி. அது மேலேயே கழன்றுவிட்டது! ஏறக்குறைய 24 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைக்கவில்லை. வயது 34. மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள்.

அவரை எடுத்துப் போன பிறகும் அந்த ராத்திரி நிகழ்ச்சி நிற்கவில்லை. அடுத்த ஜோடி அதே மேடையில் ஏறியது. இன்றுவரை பலருக்கும் ஆறாத கேள்வி அதுதான். குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. 2000-ம் ஆண்டில் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது.

விபத்து நடந்த 1999-ம் வருடமே அக்டோபரில் எதிர்க் கம்பெனி கான்சாஸ் சிட்டிக்கு வந்தது. தம்பி விழுந்த அதே அரங்கத்தில், தம்பி நினைவாக அண்ணன் பிரெட் ஆடினார். 2 மாதம்தான். டிசம்பரில் கோல்ட்பர்க் விட்ட உதை தலையில் பட்டு அவருக்கு மூளை அதிர்ச்சி. அதோடு மேடை வாழ்க்கை முடிந்தது.

கடை மூடியது

டபிள்யூ.சி.டபிள்யூ. சரிந்த கதை நீளம். கிழட்டு நட்சத்திரங்களுக்குக் கொட்டிய சம்பளம், தலையும் வாலும் இல்லாத கதை, ஆளுக்கு ஆள் அதிகாரம். 2000-ல் மட்டும் நஷ்டம் சுமார் 6 கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது. டர்னர் கையில் அப்போது பிடி இல்லை. அவர் கம்பெனி பெரிய கம்பெனியோடு சேர்ந்து, புது அதிகாரிகள் வந்து, குஸ்தி எங்களுக்கு வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

வாங்கியது யார்? மக்மானேதான்! 2001 மார்ச் மாதம். பெயர் உரிமைக்கும் சில ஒப்பந்தங்களுக்கும் கொடுத்த விலை 25 லட்சம் டாலர் அளவுதான் என்கிறார்கள். மார்ச் 26-ந் தேதி கடைசி 'நைட்ரோ'. அதே ராத்திரி மக்மான் இரண்டு சேனலிலும் ஒரே நேரத்தில் தோன்றிச் சிரித்தார். அதுவரை சம்பளம் சரியில்லை என்றால் "எதிர்க்கடைக்குப் போறேன்" என்று சொல்ல மல்லர்களுக்கு வாய் இருந்தது. மறுநாள் முதல் எதிர்க்கடை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பலர் வேலை இழந்தார்கள்.

ஜெயித்தவரும் ஒரு கேசில் தோற்றார். கரடி முத்திரை போட்ட வனவிலங்கு நிதி அமைப்பு, "டபிள்யூ.டபிள்யூ.எப். எங்கள் பெயர்" என்று வழக்குப் போட்டது. 2002 மே மாதம் குஸ்திக் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இ. ஆயிற்று. நம் பையன்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடிய குஸ்திச் சீட்டுக்கட்டிலும் எழுத்து மாறியது.

இந்தியாவிலும் எதிர்க்கடை

2012 ஜனவரியில் 'ரிங் கா கிங்' என்ற குஸ்தி கலர்ஸ் டி.வி.யில் வந்தது. அமெரிக்காவின் இன்னொரு கம்பெனி டி.என்.ஏ. கொடுத்த ஆதரவு. புனேயில் படம் பிடித்தார்கள். சில மாதத்தோடு சரி. பஞ்சாப் போலீசில் இருந்து போய், 2007-ல் அங்கே உலகப் பட்டம் வாங்கிய கிரேட் காளி, 2015-ல் ஜலந்தரில் சொந்தக் குஸ்திப் பள்ளி திறந்தார். டபிள்யூ.டபிள்யூ.இ.யோ தமிழிலேயே வர்ணனை கொடுக்கும் அளவுக்கு வந்தது. சோனி டென் 4 சேனலில் "தூக்கி அடிச்சாரு பாருங்க" என்ற குரலைக் கேட்டு பாட்டிமாரும் பார்த்தார்கள்.

2019-ல் அமெரிக்காவில் ஏ.இ.டபிள்யூ. என்ற புதுக் கம்பெனி கிளம்பியது. மறுபடி புதன்கிழமை தோறும் நேருக்கு நேர் மோதல். இந்தத் தடவை 2021 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ.தான் தன் நிகழ்ச்சியை செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் டபிள்யூ.டபிள்யூ.இ. குஸ்தி கேபிளில் இருந்து நெட்பிளிக்சுக்குப் போய்விட்டது. மாதச் சந்தா கட்டினால்தான் உண்டு. டீக்கடைப் பெட்டியில் பாட்டு ஓடுகிறது. பையன்கள் ஒருத்தன் செல்போனை நாலு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். வில்லன் ஆன ஹோகன் அதே 2025 ஜூலையில் 71 வயதில் இறந்த செய்தியையும் அந்தச் செல்போனில்தான் படித்தார்கள்.

அது சரி, அண்டர்டேக்கரா கோல்ட்பர்க்கா என்று டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட கேள்வி என்ன ஆயிற்று?

2019 ஜூன் 7-ந் தேதி சவுதி அரேபியாவில் ஜெட்டா நகரில் இருவரும் முதல் முறையாக ஒற்றைக்கு ஒற்றை மோதினார்கள். அண்டர்டேக்கருக்கு வயது 54. கோல்ட்பர்க்குக்கு 52. ஓடி வந்து முட்டப் போன கோல்ட்பர்க், குறி தவறி மூலைக் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டார். நெற்றியில் ரத்தம். ஆள் தள்ளாடினார். அண்டர்டேக்கரைத் தலைகீழாகத் தூக்கியவர் பிடி நழுவிக் கழுத்து மடங்க இறக்க, நூலிழையில் உயிர் தப்பியது. 10 நிமிஷத்துக்குள் சண்டை முடிந்தது. அண்டர்டேக்கர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

20 வருடத்துக்கு முன்னால் கோல்ட்பர்க் கட்சியில் இருந்து பந்தயம் கட்டியவர்களுக்கு இப்போது காதோரம் நரை. "அண்ணே, பந்தயக் காசு?" என்று யாரும் கேட்கவில்லை. பழனி பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டார்கள்.