சப்மெர்சிபிள் மோட்டார் கேபிள்: தண்ணீர் புகாமல் இணைப்பது எப்படி?

போர்வெல் மோட்டார் காயில் எரிவதற்கு கேபிள் ஜாயின்ட் சரியில்லாததும் ஒரு காரணம். இணைப்பு தளர்வாக இருந்தால் அந்த இடம் சூடாகிக் கருகும். மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போனால், மற்ற இரண்டிலும் மின்னோட்டம் கூடி காயில் எரிந்துவிடும். டேப் சரியாகச் சுற்றாவிட்டால் தண்ணீர் புகுந்து மின்கசிவு ஏற்படும். அப்போது இரும்புக் குழாயைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

வேலை தொடங்கும் முன்

மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ் கேரியர்களையும் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். "இப்போது கரண்ட் இல்லையே" என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள இடத்தில் மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். மூன்று கம்பிகளையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

இணைக்கும் முறை

1. மூன்று ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது. மோட்டார் பக்கம் சிவப்பு கம்பியைக் குட்டையாக வெட்டினால், எதிர்ப்பக்கம் சிவப்பை நீளமாக விட வேண்டும். ஜாயின்ட்டுகள் 2 முதல் 3 அங்குலம் தள்ளித் தள்ளி அமையட்டும்.

2. மேலுறையை 2 அங்குலம் நீக்குங்கள். பிளேடை நேராக வைத்து அழுத்தினால் உள்ளே உள்ள செம்பு இழைகள் அறுபடும். பென்சில் சீவுவது போலச் சாய்வாகச் சீவ வேண்டும்.

3. பச்சை பிடித்த செம்பை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேயுங்கள். இரு முனைகளின் இழைகளையும் விரித்து ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, கட்டிங் பிளையரால் இறுக்கி முறுக்குங்கள். பிறகு ஈயப்பற்று வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் இழையை விட்டுவிட்டால் அது டேப்பைக் குத்திக் கிழிக்கும்.

4. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ரப்பர் டேப் சுற்றுங்கள். டேப்பை இழுத்துப் பிடித்து, முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, இருபுறமும் மேலுறை மீது 2 அங்குலம் ஏறும்வரை சுற்ற வேண்டும். அதன்மேல் பிவிசி டேப். கடைசியில் மூன்றையும் சேர்த்து ஒருமுறை சுற்றுங்கள். பிவிசி டேப் மட்டும் தண்ணீருக்குள் தாங்காது.

இறக்கும் முன் சோதனை

ஜாயின்ட்டை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் மூழ்க வையுங்கள். கம்பி முனைகள் தண்ணீரில் படக் கூடாது. காலையில் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, 500 வோல்ட் மெக்கரால் கம்பிக்கும் தண்ணீருக்கும் இடையே சோதியுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் பிரித்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். மோட்டாரை இறக்கிய பின் மேலே தூக்கும் செலவைவிட இந்த ஒரு நாள் காத்திருப்பு லாபம்.

கவனிக்க வேண்டியவை

* அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் நேரடியாக முறுக்க வேண்டாம். ஈரத்தில் அரித்துவிடும்.
* மோட்டாரின் பாரம் கேபிளில் விழக் கூடாது. கயிறு, குழாய்தான் தாங்க வேண்டும்.
* மீட்டருக்கு முன் உள்ள லைனில் பழுது என்றால் மின்வாரிய ஊழியரை அழையுங்கள். நீங்களே கை வைக்காதீர்கள்.