தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

மேனாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்தின் வாயிலாகவன்றிக் கற்றல் கூடாது என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி நெடுங்காலமாகிவிட்டது. ஆயின், கொழும்பிலே 1870 ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தொடங்குதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு வைத்திய வகுப்புத் தோன்றியது. பின்னர் அவ்வகுப்பு முற்றிலும் தமிழிலேயே நடைபெறுவதாயிற்று. அதனை நடத்தியவர் தமிழரல்லர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 10 ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த உவூஸ்ரர் நகரிலே, கிறீன் ஹில் என வழங்கும் குடும்ப மனையிற் பிறந்தார். அதே ஆண்டு மார்கழியில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சமயத்தால் எதிரெதிர்த் திசைகளில் நின்ற இவ்விருவரும், அறிவு தமிழ் உரைநடை வாயிலாகவே மக்களைச் சென்றடைதல் வேண்டும் என்பதில் ஒரு நிலையினராயினர். கிறீனுடைய தமையன்மாருள் ஒருவராகிய அன்றூ கிறீன் நியூயோர்க் நகரை விரிவாக்கி அமைத்த பெரியாருள் ஒருவர். தம்பியாரோ நியூயோர்க்கிலே வைத்தியங் கற்று, 1845 இற் பட்டம்பெற்று, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்னும் மிஷன் வைத்தியர் இங்கிருந்தனர். பண்டத்தரிப்பிலே பணிபுரிந்த ஸ்கடர், வட்டுக்கோட்டையில் இருந்த உவாட் என்போர் நோயாளரைப் பேணியதோடு சில இளைஞரையும் பழக்கினர். ஆனால், ஒழுங்கான பாடத்திட்டத்தோடு பலரை வைத்தியராக்குதலையே தம் முதற்கடமையாகக் கொண்டவர் கிறீனே. அவர் 1848 இல் மானிப்பாயில் ஒரு சில மாணவரோடு வகுப்பைத் தொடங்கினார். அப்போது பாடமொழி ஆங்கிலம். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்றோர் அக்காலத்தில் எளிதிற் கிடைத்தமையால் வேறு மொழியை நாடவேண்டிய தேவை உடனே எழவில்லை. 1850 இல் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் யாழ்ப்பாண நகரிலே தருமவைத்தியசாலை நிறுவப்பட்டபோது, அங்கே பணிபுரிதற்குக் கிறீனுடைய மாணவர் பயன்பட்டனர்.

ஆங்கிலத்தை விட்டுத் தமிழை மேற்கொள்ளும் எண்ணம் அவர்க்கு அனுபவத்தால் வந்தது. ஆங்கிலத்திற் பயின்ற வைத்தியன் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பட்டினஞ் செல்கின்றான். அவனைப் பயிற்றியதன் பயன் கிராமத்துக்கு எட்டுவதில்லை. தமிழிற் பயின்றவனோ தன் ஊரிலேயே தங்குவான். தான் கற்றதை அயலவர்க்கு விளங்கச் சொல்லவும் வல்லனாவான். அன்றியும், நூல்கள் தமிழில் அச்சேறினால் நாட்டு வைத்தியரும் அவற்றைப் படித்துப் பயன்கொள்வர். 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த அண்டர்சன் குழுவினர் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தி வட்டுக்கோட்டைச் செமினரியை மூடியமையும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. செமினரி மூடப்பட்டமை யாழ்ப்பாணத்து உயர்கல்விக்கு நேர்ந்த பேரிழப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதே கொள்கை கிறீனுடைய கையிலே வேறொரு பயனைத் தந்தது.

நூலின்றி வகுப்பில்லை. ஆகவே கிறீன் தமிழைக் கசடறக் கற்று, தம் மாணவரைத் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். டன்வதர், சாப்மன் முதலியோர் அவர்க்குப் பெருந்துணையாயினர். இப்பெயர்களைக் கண்டு இவர்களை அமெரிக்கர் எனக் கொள்ளற்க. பொருளுதவிய அமெரிக்கரின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடுதல் அக்கால மிஷன் பாடசாலைகளின் வழக்கம். கற்றர் என்பவர் இயற்றிய உடல்நூலும், மோன்செல் என்பவரின் பிரசவ வைத்தியமும் 1857 இல் தமிழில் வெளிவந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஊர் திரும்பிய கிறீன், 1862 இல் மணஞ்செய்து, மனைவியாரோடு மீண்டும் மானிப்பாய் வந்தார். அதன் பின்னரே தமிழ் வகுப்பு முழுமை பெற்றது. 'இரண வைத்தியம்' 1867 இலும், கிறேயின் பெருநூலாகிய 'மனுஷ அங்காதிபாத'மும், 'வைத்தியாகர'மும் 1872 இலும் வந்தன. வெளியீடுகள் எல்லாவற்றையும் கூட்டினால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகும். இலண்டனிலே 1858 இல் முதன்முதல் வெளிவந்த கிறேயின் நூல், பதினான்கு ஆண்டுகளுள் மானிப்பாய் மாணவன் கையிலே தமிழ் நூலாக இருந்தது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை இன்றும் ஆராயத்தக்கது. முதலில் தமிழிலே வழங்குஞ் சொல்லைத் தேடுதல். அஃதில்லாதவழி வடமொழியை நாடுதல். இரண்டும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசையத் திரித்துக்கொள்ளுதல். இம்முறையின் மூன்று படிகளையும் நூற்பெயர்களிலேயே காணலாம். புண்ணைக் குறிக்கும் 'இரணம்' மக்கள் வாயிற் பயின்ற சொல். ஆதலின் சத்திர சிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. 'அங்காதிபாதம்' வடமொழித் தொடர். எனினும், பாதாதிகேசம் என்னும் இலக்கிய வழக்கை அறிந்த தமிழனுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. உறுப்புகள் செவ்வனே தொழிற்படுதலைச் 'சுகரணம்' என்றார். இரசாயன நூலுக்கோ 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். தனித்தமிழ் விரும்புவோர்க்கு இச்சொல் செவிக்கினியதாகாது. வடமொழி மிகுதியும் இன்று குறையாகவே தோன்றும். ஆயினும், கலைச்சொல் முழுமையும் அமைந்த பின்னரே நூல் எழுதுவோம் என்று அவர் காத்திருந்தாரல்லர். எதிரே மாணவர் இருந்தனர். நாளைய பாடத்துக்குச் சொல் வேண்டியிருந்தது. அச்சொற்களைத் தொகுத்து அகராதியாக்கும் பணியும் உடன் நடந்தது.

இப்பணிக்கு ஒப்பான மற்றொன்று அதே காலத்தில் அரபு நாட்டிலே நிகழ்ந்தது. கிறீனை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கம் 1840 இல் கொர்னேலியஸ் வன் டைக் என்னும் வைத்தியரைச் சிரியாவுக்கு அனுப்பியது. அவர் அரபு மொழியில் ஆழ்ந்த புலமை எய்தி, பேரூற்றில் 1866 இல் தொடங்கிய கல்லூரியிலே வைத்தியமும் விஞ்ஞானமும் அரபிலேயே கற்பித்து, அதற்கு வேண்டிய பாடநூல்களையும் எழுதினார். அவர்தம் மாணவர் 1876 இல் 'அல்-முக்ததவ்' என்னும் விஞ்ஞானச் சஞ்சிகையைத் தொடங்கினர். 1882 இல் டார்வினைப் பற்றி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையால் எழுந்த பிணக்கில் வன் டைக் கல்லூரியை விட்டு நீங்கினார். அப்பத்தாண்டிலே கல்லூரியின் பாடமொழியும் ஆங்கிலமாயிற்று.

மானிப்பாயிலும் முடிவு அத்தகையதே. கிறீன் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கினார். அவருட் பெரும்பாலார் தமிழிற் பயின்றோர். 1873 இல் அவர் தாயகம் திரும்பிய பின் தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கல் இருந்தபோது மாணவரைக் குறைகூறுதல் நியாயமாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பேரூற்றில் அற்றுப்போன அரபுவழி வைத்தியக் கல்வி 1919 இல் தமாஸ்கஸ் நகரிலே மீண்டும் தளிர்த்து இன்றளவும் நடைபெறுகின்றது. யாழ்ப்பாணத்திலே 1978 இல் வைத்திய பீடம் தோன்றியபோது அதன் பாடமொழி ஆங்கிலமே. கிறீனுடைய நூல்கள் பழைய நூல்நிலையங்களிலே ஆய்வாளர்க்குரிய பொருளாகிவிட்டன.

அவர் சுவிசேஷகர் என்பதை மறைத்தல் வேண்டா. அவரே அதனை மறைத்தாரல்லர். எனினும், மதம் மாறிய தமிழர் உடையிலும் ஊணிலும் பேச்சிலும் ஐரோப்பியராய் மாறுதலை அவர் விரும்பவில்லை. அவர்கள் தம் நாட்டு வழக்கிலேயே நிலைத்திருத்தல் வேண்டும் என்று கடிதங்களில் அழுத்தி எழுதினார். அக்காலத்து மிஷனரிமாரிடம் பெரும்பாலும் காண்டற்கரிய மனநிலை இது.

ஊர் திரும்பிய பின்னும் கிறீன் ஹில் மனையிலிருந்தே மொழிபெயர்ப்பைத் திருத்துவதும் எழுதுவதுமாக அவர் காலங்கழித்தார். 'கெமிஸ்தம்' 1875 இலும், 'மனுஷ சுகரணம்' 1883 இலும் வெளிவந்தன. மறு ஆண்டு, 1884 மே 28 ஆம் நாள், அவர் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்று அவர் பெயராலே வழங்குகின்றது. உவூஸ்ரர் நகரத்து இடுகாட்டிலுள்ள அவர் கல்லறையில், அவருடைய விருப்பத்தின்படியே, தமிழர்க்கு வைத்திய சுவிசேஷகராய் இருந்தவர் என்னும் குறிப்புப் பொறிக்கப்பட்டிருக்கின்றது.