கருக்கலைப்புக்கு கணவர் கையெழுத்து வேணுமா? 2022 தீர்ப்பு சொல்வது என்ன?

"வீட்டுக்காரர் வந்திருக்காரா? கையெழுத்து போடணுமே!" கருக்கலைப்புக்குப் போகும் பல பெண்கள் கேட்கும் வார்த்தை இது. ஆனால் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனையே கிடையாது. 18 வயது நிரம்பியவர் என்றால் அவருடைய சம்மதம் போதும். மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் சிறுமிக்கும் மட்டும்தான் பாதுகாவலர் சம்மதம் தேவை.

சரி, கல்யாணமே ஆகாதவர் என்றால்?

2022-ல் 25 வயதுப் பெண் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். காதலர் கைவிட்டுவிட்டார், கரு 20 வாரத்தைத் தாண்டிவிட்டது. 20 முதல் 24 வாரம் வரை யாருக்கெல்லாம் அனுமதி என்ற விதியில் கணவரை இழந்தவர், விவாகரத்தானவர் எல்லாம் உண்டு. திருமணமாகாதவர் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் ஜூலையில் இடைக்கால அனுமதி தந்தது. செப்டம்பர் 29-ல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு முழுத் தீர்ப்பை வழங்கியது. கல்யாணம் ஆனவருக்கு ஒரு நியாயம், ஆகாதவருக்கு வேறொன்றா? அது அரசியலமைப்பின் 14-வது பிரிவு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்றது. கணவரின் பலவந்தத்தால் உண்டான கருவையும் பாலியல் வன்கொடுமைக் கணக்கில் சேர்த்தது. ஆனால் கருக்கலைப்புச் சட்டத்துக்கு மட்டும்தான் அது. கணவர் மேல் அந்த வழக்குப் போட இது உதவாது.

இன்னொன்று, கேட்டவுடன் கலைத்துவிட முடியாது. 20 வாரம் வரை ஒரு டாக்டர், 24 வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கணவரோ அப்பாவோ அல்ல.