புயத்தில் ஒட்டும் சர்க்கரை அளவி

நீரிழிவு நமக்குப் புதிய நோயன்று. மதுமேகம் என்னும் பெயரால் நம் பழைய மருத்துவ நூல்கள் அதனைக் குறித்துள்ளன. ஆயினும், அது இன்று பரவியுள்ள அளவு முன்னோர் கண்டதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உள்ளது என்றும், 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் அது கூறுகின்றது.

நான் வாழும் பழங்காநத்தத்தில், காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்து, உணவு உண்டபின் மீண்டும் கொடுக்கச் செல்வோரை நாள்தோறும் காணலாம். அச்சோதனை இன்றியமையாததே, ஆனால் அது காட்டுவது அந்த நேரத்து நிலையை மட்டுமே. அருகிலுள்ள மாடக்குளம் கண்மாயின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை பார்த்து வருபவர், இடையில் அது ஏறியதையும் இறங்கியதையும் எங்ஙனம் அறிவார்?

அக்குறையை நீக்க வந்ததே புயத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவி. நாணயம் போன்ற சிறு வில்லை அது. அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்கு அடியில் தங்கும். இழையில் பூசிய நொதிப்பொருள், திசுநீரிலுள்ள குளுக்கோசுடன் வினைபுரியும்போது நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. சர்க்கரை மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். அதனைக் கணக்கிட்டுக் கைபேசிக்கு அனுப்புகின்றது கருவி. இவ்வகையில் பலவும் இரண்டு வார அளவுக்கு உழைப்பவை. அளக்கப்படுவது இரத்தமன்று, திசுநீர். ஆதலின் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். உடல் உணர்வும் கருவியின் எண்ணும் மாறுபட்டால், விரலில் குத்திப் பார்ப்பதே முறை.

இதனால் விளையும் பயன் யாது? என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், தாம் உண்ட இட்டலிக்குப் பின் கோடு செங்குத்தாக ஏறுவதையும், உண்டபின் அரைமணி நேரம் நடந்த நாளில் அது தாழ்ந்தே நிற்பதையும் தம் கண்ணால் கண்டார். மருத்துவர் பலமுறை சொல்லியும் நடவாதவர், அன்று முதல் நடக்கலானார். இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கோ பயன் இன்னும் பெரிது. நள்ளிரவில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது ஒலியெழுப்பி எழுப்பிவிடும் கருவி, உயிரையே காக்கக்கூடும்.

நோய் வருமுன் காப்பதற்கும் சான்று உண்டு. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், நோயின் வாயிலில் நின்ற ஆடவர் 537 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வை 2013-இல் வெளியிட்டனர். உணவையும் உடலுழைப்பையும் நினைவூட்டிக் கைபேசியில் குறுஞ்செய்தி பெற்றோருள் நோயுற்றவர் நூற்றுக்கு 18 பேர். பெறாதவருள் 27 பேர். அங்கே விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. நினைவூட்டலும், அதன்படி நடந்த மனவுறுதியுமே இருந்தன. அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் இன்று செய்யக்கூடியதும் அத்தகைய நினைவூட்டலே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களும் மோதிரங்களும் விற்கப்படுகின்றன. அத்தகைய எதற்கும் தாம் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அவை காட்டும் பொய்யெண்ணை நம்பி ஒருவர் இன்சுலினைக் கூட்டினால், மயங்கி வீழ்ந்து உயிரிழக்கவும் நேரும்.

உண்மையான அளவிகளோ விலை மிக்கவை. எல்லோர்க்கும் அவை தேவையுமில்லை. மாத்திரையால் நோய் அடங்கியிருப்போர்க்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையும் அவ்வப்போது விரலில் குத்திப் பார்ப்பதும் பெரும்பாலும் போதும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சோதனையையும் மாத்திரையையும் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. எக்கருவி தமக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டு அறிக. எண்ணைப் பார்த்தபின் உணவைத் திருத்துவதும், நடப்பதும், மருந்தைத் தவறாது உட்கொள்வதும் நம்முடைய கடமையே. அவற்றை எக்கருவியும் நமக்காகச் செய்துவிடாது.