வீட்டுக்கு ஏற்ற சலவை யந்திரம்

தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் கூடும் நாற்சந்தி, புடவைக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. அதற்குச் சற்று மேற்கே, லேக் மார்க்கெட் பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மழைக்காலத்தில் இங்கே காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், துவைத்த பருத்தித் துணி எளிதில் உலர்வதில்லை. எனவே, துவைப்பதோடு நீரையும் பிழிந்து தரும் சலவை யந்திரம் இல்லத்தாருக்குப் பெருந்துணையாகிறது. ஆனால், சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய யந்திரம் ஓர் உறுப்புக் கிடைக்காமல் மூலையில் முடங்குமாயின், பணமும் நஷ்டம். துவைக்கும் பாரமும் பெரும்பாலும் பெண்களையே மீண்டும் சேரும்.

நீடித்து உழைக்கும் யந்திரம் என்பது பழுதே அடையாத யந்திரம் அன்று. பழுதுற்றபோது எளிதில் சீர்செய்யக்கூடிய யந்திரமே ஆகும்.

இவ்வகையில், இரு தொட்டிகள் கொண்ட அரைத் தானியங்கி யந்திரத்தின் அமைப்பு எளியது. ஒரு மோட்டார் பெல்ட்டின் மூலம் துவைக்கும் தொட்டியின் அடியிலுள்ள சுழல்தட்டை இயக்குகிறது. மற்றொரு மோட்டார் பிழியும் கூடையை நேரே சுழற்றுகிறது. 12 சென்டிமீட்டர் ஆரமுள்ள கூடை நிமிடத்துக்கு 1,350 முறை சுழலும்போது, அதன் ஓரத்திலுள்ள துணியின்மீது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 240 மடங்கு விசை செயற்படுகிறது. அவ்விசையால் நீர் துளைகளின் வழியே வெளியேறுகிறது. பெல்ட் தேய்தல், மின்தேக்கி வலுவிழத்தல், வடிகுழாய் அடைத்தல், ரப்பர் வளையம் கசிதல் ஆகியன இதில் பொதுவாகக் காணும் பழுதுகள். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றலாம். குழாயில் அழுத்தம் குறைந்த வீட்டில் வாளியால் நீர் ஊற்றியும் இதனை இயக்கலாம்.

முன்புறக் கதவுள்ள முழுத் தானியங்கி யந்திரம் குறைந்த நீரில் நன்கு துவைக்கும். துணியைத் தொட்டி மாற்றும் வேலையும் இல்லை. ஆயினும், சில மாதிரிகளில் வெளித்தொட்டியின் இரு பாதிகளும் உருக்கி ஒட்டப்பட்டுள்ளன. அவற்றில் உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்தால், தொட்டி முழுவதையுமே மாற்ற நேரிடும். மின்னணுப் பலகை ஈரத்தாலும், சீரற்ற மின்னழுத்தத்தாலும், எலி கடிப்பதாலும் கெடக்கூடும்.

ஆகவே, வாங்குமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நலம்:

1. பின்பலகை சாதாரணத் திருகுகளால் பொருத்தப்பட்டுள்ளதா?
2. தொட்டி பிரிக்கக்கூடியதா?
3. பெல்ட், மின்தேக்கி, நீர்வடிப்பு உறுப்பு ஆகியவை உள்ளூர்க் கடையில் கிடைக்குமா?
4. அம்மாதிரியைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அருகில் உள்ளாரா?
5. உத்தரவாதம் யந்திரம் முழுவதற்குமா, மோட்டாருக்கு மட்டுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்பிலுள்ள விதியின்படி, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் முக்கிய உதிரி உறுப்புகள் 10 ஆண்டுகள் கிடைக்கச் செய்தல் வேண்டும். நம் நாட்டில், மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. உற்பத்தியாளர்கள் தரும் பராமரிப்பு விவரங்களையும் உதிரி உறுப்புகள் பற்றிய தகவல்களையும் பொதுமக்கள் ஓரிடத்தில் காண்பதே இதன் நோக்கம்.

யந்திரத்தை நில இணைப்புள்ள மூன்று முனை மின்வாயிலிலேயே பொருத்துதல் வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். ஆதலால், பயிற்சி பெற்றோரே உட்புறத்தைத் தொடலாம். ஆசிரியர்கள் பழைய யந்திரம் ஒன்றின் பின்பலகையை மெக்கானிக்கின் துணையுடன் திறந்து, மாணவர்க்கு அதன் உறுப்புகளைக் காட்டலாம். களப்பணியாளர்கள் மேற்கண்ட ஐந்து வினாக்களையும் இல்லந்தோறும் எடுத்துரைக்கலாம். அவற்றுக்கு விற்பனையாளர் தெளிவான விடை தராவிடின், விலை மலிவாயினும் அந்த யந்திரத்தைத் தவிர்த்தலே சிக்கனமாகும்.